நோ இஷ்யூ

"எழுத்துல தப்பு இல்லீங்க. அர்த்தத்துலதான் தப்பு."

தன் ஜாதகத்தோடு அந்த வீட்டுக்கு வந்திருந்த டைப் அடித்த தாளைக் காட்டிச் சொன்னார் குணசேகரன். ஆவடியில் காலை ஷிப்ட் முடித்து, நெமிலிச்சேரி வரை ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பு குரலில் தெரிந்தது.

எதிரே தாட்சாயிணி. அவரைப் போலவே துணையை இழந்தவள். இருவரும் பேசட்டும் என்று அவளுடைய அண்ணன் வாசலுக்குப் போயிருந்தார்.

"இன்னா தப்பு?"

"'நோ இஷ்யூ'ன்னு இருக்குல்ல? நான் ஃபேக்டரி ஸ்டோர்ஸ்ல வேலை பார்க்கறேன். ஒருத்தருக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா, அதுக்குப் பேரு இஷ்யூ. இங்க எதுக்குய்யா அதுன்னு கல்யாண புரோக்கர் கஜபதியைக் கேட்டேன். 'பிரச்சினை ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம், இருக்கட்டும்'னார். நேத்துதான் ஆபீஸ் கிளார்க் சொன்னார், குழந்தை இல்லைன்னு அர்த்தமாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஆறு வயசு."

சொல்லிவிட்டார். இதற்கு முன் மூன்று வீடுகளில் 'பொண்ணு இருக்கா' என்று கேட்டதும்தான் காபி டம்ளர் பாதி வழியில் உள்ளே திரும்பியது. அதன் பிறகே கஜபதி இப்படி டைப் அடித்திருக்கிறார்.

தாட்சாயிணி கோபப்படவில்லை.

"தல யாரு பின்னி உடறாங்க?"

"நான்தான். கோணலாத்தான் வருது."

"உங்களுக்கு நைட் டூட்டின்னா?"

"பக்கத்து குவார்ட்டர்ஸ்ல படுத்துக்குவா. தூங்காம கதவையே பார்த்துக்கிட்டு இருப்பாளாம்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மறுப்பதற்கு வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்தார் அவர். காத்திருக்கத் தெம்பில்லை. எழுந்துகொண்டார்.

"மனசு கஷ்டப்பட வேணாம். நான் போய், ஒத்து வரலைன்னு கஜபதிகிட்ட சொல்லிடறேன்."

"செத்த குந்துங்க."

அவர் உட்காரவில்லை.

"எம் பேப்பர்லயும் அதே வார்த்ததான் கீது, பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"உங்களுக்கு அர்த்தம் தெரியல. நான் தெரிஞ்சேதான் போடச் சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. "பாரிவாக்கத்துல, எங்கக்கா ஊட்ல ஒளிச்சு வச்சிருக்கேங்க, எம் பொண்ண."