நாலாவது கல்

நீல வெல்வெட் துணிமேல் கிடந்த வைரக் கல்லை மகுடேஸ்வரன் ஐந்தாவது முறையாக லென்ஸ் வைத்துப் பார்த்தான். புள்ளி இல்லை, கீறல் இல்லை, மஞ்சள் ஓட்டம் இல்லை.

நாற்பத்தெட்டு சென்ட். இன்னும் இரண்டு சென்ட் ஏறி அரை காரட் ஆகிவிட்டால் விலை எகிறிக் குதித்துவிடும். விரலில் போட்டால் எந்தக் கொம்பனுக்கும் வித்தியாசம் தெரியாது. இதைக் கண்டுபிடித்ததில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பனியன் துணியில் கிராம் கிராமாக மிச்சம் பிடித்தே யூனிட்டை இருபது மெஷினுக்குக் கொண்டுவந்தவன்.

எதிரில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். வரும் புதன்கிழமை தாராபுரத்தில் அவர்கள் இருவருக்கும் நிச்சயதார்த்தம். அவள் விரலில் போட வேண்டிய மோதிரம்தான் இன்னும் அமையவில்லை.

வைரத்தைத் தங்கம்போல வாங்கிய கையோடு போட்டுக்கொள்ள முடியாது. போடுகிறவருக்கு அது ஒத்துக்கொள்ள வேண்டும். கடையில் கல்லைப் பொட்டலமாகக் கொடுப்பார்கள். பெண் அதை மூன்று ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டும். கெடுதல் ஒன்றும் தெரியவில்லை என்றால் மோதிரத்தில் பதிக்கக் கொடுக்கலாம். தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம், கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

முதல் கல்லுக்கு அவளுக்கு ராத்திரியெல்லாம் உள்காய்ச்சல். இரண்டாவதற்குக் கெட்ட கனவு. மூன்றாவது கல் வீட்டுக்குள் வந்ததிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை என்றாள்.

மகுடேஸ்வரன் அசரவில்லை. சாம்பிள் ரிஜெக்ட் ஆனதற்கெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் திருப்பூரில் தொழில் செய்ய முடியுமா? பையர் வேண்டாம் என்றால் இன்னும் நல்ல நூலில் அடுத்த சாம்பிளைப் போட்டு அனுப்ப வேண்டியதுதான். அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட ஒரு படி மேலான கல்லாகத் தேடி அனுப்பினான்.

அவனுக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவர்கள் வீட்டு நாய் அவனுடைய புதுச் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு தென்னந்தோப்புக்குள் ஓடிவிட்டது. எல்லோரும் பதறினார்கள். அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேதான் மனுஷன் இரண்டு மாதமாக லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மூன்று கல் ஆகவில்லை என்றால் கோளாறு கல்லிலா பெண்ணிலா என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. கடைசியில், பெண்ணே வந்து கையில் எடுத்துப் பார்த்துக் கடையிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அதற்குத்தான் அம்மாவும் மகளும் காலை பஸ்ஸுக்கே வந்திருந்தார்கள்.

"இந்த வெலைக்கு இத்தன சுத்தமான கல்லு கோயமுத்தூர்லயும் கெடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் கிட்டுசாமி, அவள் அம்மாவுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு காட்ட உள் அறைக்கு அழைத்துப் போனார்.

இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவன் லென்ஸை அவள் பக்கம் தள்ளினான்.

"நீங்களே பாருங்க. ஏதாச்சும் கொறை தெரிஞ்சா கூச்சப்படாம சொல்லுங்க. வேற பாத்துக்கலாம்."

அவள் லென்ஸைத் தொடவில்லை. கல்லையும் பார்க்கவில்லை. உள் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கல்லுல ஒரு கொறையும் இல்லீங்க. மொதக் கல்லுலயும் இல்லீங்க."

அவனுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் காதெல்லாம் சுட்டது.

உள்காய்ச்சல், கனவு, தூக்கமின்மை. அவளாகச் சொன்னால் தவிர வேறு யாருக்கும் தெரிய வழியில்லாதவை. அவள் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் நேராக வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை, ஒவ்வொரு கல்லிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவனோ அதைவிட நல்ல கல்லாகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, தன்னை ஒருத்திக்கு இவ்வளவு பிடிக்காமல் போயிருக்கிறதே என்று வலித்தது.

இந்தக் கல்லும் ஆகவில்லை என்று அவள் சொன்னால் ராசி கெட்டவள் என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிடும். அதற்குப் பயந்தாவது இன்றைக்கு அவள் சரி என்றுதான் சொல்வாள். அவன் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், புதன்கிழமை நிச்சயம் நடந்துவிடும். அவனுக்கு அந்தப் புதன்கிழமை வேண்டும்போலத்தான் இருந்தது.

அம்மா குத்துவிளக்கும் கையுமாகத் திரும்பி வந்தாள்.

"என்ன கண்ணு, இதாச்சும் ஒத்துக்குமா?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். மகுடேஸ்வரன் முந்திக்கொண்டான்.

"அவங்களுக்கு எந்தக் கல்லும் ஒத்துக்குமுங்க அத்தை. எனக்குத்தான் ஆகலீங்க. மொதக் கல்லு வாங்குன அன்னைக்கே நம்ம யூனிட்ல பாய்லர் வெடிக்கப் பாத்துச்சு. உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுட்டனுங்க. என்ற நேரம் செரியில்ல. இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க."

குத்துவிளக்கைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அம்மா நின்றாள். கோகிலவாணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் யூனிட்டில் பாய்லரே கிடையாது.