பழி சுமந்த டயர்

கரும்பு ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்றின் முன்பக்கத்தில் இரண்டு டயர்கள் இருந்தன. ஒரே நாளில் மாட்டியவைதான். ஆனால் இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகிவிட்டது.

டிரைவர் கன்னியப்பன், கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டினார். தேய்மானம் நிற்கவில்லை. “சனியன், இதைப் போகிக்குக் கொளுத்திட வேண்டியதுதான்” என்றார்.

“நானும் இதே ரோட்டுலதானே ஓடறேன்?” என்று இளித்தது வலது டயர்.

இடது சக்கரத்தைப் பிடித்திருந்த பால் ஜாயின்ட் இன்னும் சத்தமாகக் கத்தியது: “சரக்கே மட்டம்! கூடவே இருக்கிற எனக்குத் தெரியாதா?”

“ஒரு வாட்டி என் இடத்துல நீ ஓடிப் பாரேன்” என்று வலது டயரிடம் சொன்னது இடது டயர்.

போகிவரை ஓட்டிவிடலாம் என்று கன்னியப்பன் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். கொஞ்ச நாளில், இடப்பக்கம் வந்த வலது டயரின் உள்விளிம்பும் மொட்டையானது. பழைய இடது டயரோ அதற்குமேல் தேயவே இல்லை.

“அட, டயர் மேல தப்பில்ல!” கன்னியப்பன் ஜாக்கி போட்டு இடப்பக்கச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். சக்கரத்தைச் சாயவிட்டிருந்த பால் ஜாயின்ட் லொடலொடவென்று ஆடியது. அதைக் கழற்றிக் காயலான் கடைச் சாக்கில் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினார்.

போகியன்று காலை, தெருவெல்லாம் பழைய டயர்கள் எரிய, கரும்புக் கட்டோடு வண்டி நேராகப் பறந்தது.

பழைய வலது டயர் மெல்லக் கேட்டது: “அண்ணே, இந்த இடத்துல இவ்வளவு நாள் எப்படி ஓடினீங்க?”

“உன் சிரிப்பைக் கேட்டுக்கிட்டேதான்.”