தண்டுவடம்தான்!

"டாக்டர், கால் விரல் அசையுது!" நர்ஸ் பதறினாள்.

சர்ஜனின் கத்தி நின்றது. "முழிச்சிட்டாங்களா?"

மயக்க மருந்து கொடுத்தவர் அசரவில்லை. "மூளை நல்லா தூங்குது சார். தண்டுவடம்தான் துள்ளுது. நீங்க தைரியமா வெட்டுங்க."

மயக்க மருந்துத் துறைக்கே தலைவியான பெரிய டாக்டரம்மாவுக்கு நெஞ்சு படபடத்தது. இருபது வருஷமாக இதே தியேட்டரில் அவர் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. இன்று அது தப்பு என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

"நாடித் துடிப்பு எகிறுதே டாக்டர்?"

"அதுவும் தண்டுவடம்தான்மா. பெரிய டாக்டரம்மா பாடத்துல தப்பு வருமா?"

கத்தி மறுபடி இறங்கியது.

மேசைமேல், வாயில் குழாயும் இமைகளில் பிளாஸ்திரியுமாகக் கிடந்த பெரிய டாக்டரம்மா, உயிரைக் கொடுத்து இன்னொரு முறை விரலை அசைத்தார்.