அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு

மேசையின் ஒருபக்கம் அப்பா, எதிரே அம்மா, ஜன்னலோரம் மகள். நடுவில் விசா விண்ணப்பம். மகனின் அழைப்புக் கடிதம் போதவில்லை என்று ஒருமுறை திருப்பிவிட்டார்கள். இந்தமுறையும் தவறினால் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குப் போக முடியாது.

"சீக்கிரம் படிங்க," என்று பரபரத்தாள் அம்மா.

"'அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு, வழி பார்த்துக் கண் பூத்துவிட்டது. அம்மாவின் கைச்சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்குகிறது. செலவெல்லாம் என் பொறுப்பு.'"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படியே இருக்கட்டும். போன தடவை அவனையே எழுதவிட்டதுதான் தப்பு. 'வாங்க, ரூம் இருக்கு'ன்னு ஒத்தை வரி. லாட்ஜா நடத்துறான்?"

"ஸ்கூல் லீவு லெட்டர்லேர்ந்து நான்தானே எழுதறேன்," என்றார் அப்பா.

"கையெழுத்தையாவது அண்ணன் போடட்டும்ப்பா," என்றாள் மகள்.

கையெழுத்துக்கான இடத்தில் அப்பா பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, மகன் முகவரி எழுதிய உறையை ஒட்டி, அவளைக் கூரியருக்கு விரட்டினார்.