கடலைப் பெட்டிக்கு ஒரு கொக்கி

புளியமரத்தடியில் செவந்தி என்றொரு அணில் இருந்தாள். மழைக்காலத்துக்காக நாள் முழுக்கக் கடலை பொறுக்கி வந்தாள். போட்டு வைக்க மரப்பெட்டியும் இருந்தது. ஆனால் அவள் புருஷன் வரியன் அதைத் தொட விடவில்லை.

"கொக்கி மாட்டாம உள்ள வச்சா எலி தூக்கிட்டுப் போயிடும். இப்போதைக்கு வெளியில கொட்டு" என்றான்.

முதலில் மரமுளையும் கயிறும் வைத்துச் செய்தான். இழுத்ததும் திறந்துகொண்டது, பிடுங்கி எறிந்தான். அடுத்து கம்பியை வளைத்து மாட்டினான். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"ஏங்க, ஏதாவது ஒண்ணை மாட்டித் தொலைங்க! குவியல் குறைஞ்சுக்கிட்டே வருது" என்று செவந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவசரப்படாதே."

ஒன்பதாவது கொக்கி எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. வரியன் துள்ளிக் குதித்தான். "இனி எந்த எலியாலயும் திறக்க முடியாது! கொண்டா கடலையை!"

செவந்தி திரும்பிப் பார்த்தாள். குவியல் இருந்த இடத்தில் வெறும் தோல்தான் கிடந்தது.

அப்போது பக்கத்து வளையிலிருந்து எலி தலையை நீட்டியது. "அண்ணே, அருமையான கொக்கி! எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்களேன். வீட்டுல கடலை நிறையச் சேர்ந்துடுச்சு, பயமா இருக்கு."

"கதவு எவ்வளவு அகலம்?" என்று கேட்டபடி வரியன் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.