நான்காவது அட்டவணை

மூன்றாவது தடவையும் சுஹைரா கட்டளையின் சாய்கோட்டை மற்றப் பக்கம் சாய்த்துத்தான் அடித்தாள்.

கணினியின் கறுப்புத் திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த எழுத்துக்காகத் துடித்துக்கொண்டிருந்தது.

“பிள்ளை, உங்கட குடும்பத்துக்கே திசை பிடிபடாதோ?” என்றார் பயிற்சி கொடுத்த ஆனந்தராசா.

தரவுத்தளப் பயிற்சிக்கு வந்திருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். பிறகு அவளுடைய தம்பியின் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

தம்பி றிகாஸ் போன படகு திரும்பாமல் ஏழு மாதம்.

டிசம்பர் பதினோராம் திகதி, படகுச் சங்கத்தின் இதே வானொலி அறையில் கடமையில் இருந்தவர் ஆனந்தராசா. அந்தப் படகிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தவரும் அவரே. அவன் கூப்பிட்டானா என்று உம்மா இன்னும் கேட்கிறாள். கிண்ணியா வீட்டில் வேறு கதை இல்லை.

சுஹைராவுக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். பாவம் பார்த்து என்று சந்திக்கிற எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அவள் தன் கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள். அதை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“உள்ளுக்க என்னென்ன அட்டவணை இருக்கெண்டு பார்க்கிறதுதானே சேர். ஒருக்கா நீங்களே அடிச்சுக் காட்டுங்க.”

பின்வரிசைக் கதிரையில் புதிய முகாமையாளர் கீர்த்தனி உட்கார்ந்திருந்தாள். சுவரில் இருந்த பெரிய திரையில் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது.

ஆனந்தராசா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

“இடப்பக்கம் சாயிற கோடு. பிறகு டி, ரீ எண்டு ரெண்டெழுத்து. முடிவில அரைப்புள்ளியும் வேண்டாம். நாலு நாளாச் சொல்லுறன், சின்னப் பிள்ளையளே செய்யும்.”

பயிற்சியின் முதல் நாள் அவர் வேறொன்று சொல்லிக் கொடுத்திருந்தார். எதை அழிப்பதென்றாலும் முதலில் ஒரு பிரதி எடுக்க வேண்டும். பிரதியின் பெயரில் திகதி போட வேண்டும். இருபது வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை என்றார்.

பட்டியல் விழுந்தது. அவர் பள்ளிக்கூடத்துக் குரலில் வாசித்தார்.

“படகுகள். மீனவர். அழைப்புகள்.”

நான்காவதை அவர் வாசிக்கவில்லை.

கீர்த்தனி வாசித்தாள். “அழைப்புகள் பிரதி, டிசம்பர் பன்னிரண்டு.” பிறகு கேட்டாள். “பன்னிரண்டாம் திகதி என்னத்தை அழிச்சனீங்கள்?”

சீனன்குடாவில் விமானமொன்று இறங்கும் சத்தம் கேட்டது.

“பழசு, மிஸ். தேவையில்லாதது.”

திரையை மூடக் கை நீட்டினார். விசைப்பலகை அங்கே இல்லை.

சுஹைரா நீளமாக ஒரு வரி அடித்தாள். கையைக் குனிந்து பார்க்கவில்லை. எங்கும் நிற்கவில்லை. முடிவில் அரைப்புள்ளியை மறக்கவில்லை.

மூன்று வரிகள் வந்தன. மூன்றிலும் றிகாஸ் போன படகு, டிசம்பர் பதினொன்று. அழைப்பு வந்த நேரத்தை இயந்திரமே பதிந்திருந்தது. பதில் கொடுத்தவர் பெயரைக் கடமையில் இருப்பவர்தான் போட வேண்டும். அந்த இடம் மூன்று வரியிலும் வெறுமையாக இருந்தது.

சிரித்தவர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு இன்னும் சரியா விளங்கல்ல சேர். வாசிச்சுக் காட்டுங்க.”

அவர் கீர்த்தனியைப் பார்த்தார். கீர்த்தனி அசையவில்லை.

“மூண்டு பத்து,” என்றார். “மூண்டு முப்பத்தைஞ்சு.”

தண்ணீர்ப் போத்தலைத் தேடினார்.

“நாலு அஞ்சு.”

“சத்தமா, சேர்.”

சுஹைரா கைத்தொலைபேசியை நிமிர்த்தினாள். நாற்பத்தொரு நிமிடமாக அது அழைப்பில் இருந்தது. மேலே உம்மா என்று எழுதியிருந்தது.