அவரவர் மண்டி

தண்ணீர் எல்லோருக்கும் பொது, மண்டி அவரவருக்கு. இப்படியொரு சட்டம் வந்தபோது அடுக்குமாடிக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் வேதகிரிதான். தூக்காமல் இருப்பாரா? சேலத்து ஜவ்வரிசி ஆலையில் இருபது வருடமாகக் கிழங்குப்பாலைச் சுழற்றி, மாவு வேறு தண்ணீர் வேறாகப் பிரிப்பவர் ஆயிற்றே!

கீழ்த்தளத்தில் இயந்திரம் சுழலத் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டு சிங்க் தண்ணீரையும் தனித்தனியாகச் சுழற்றி, தெளிந்ததைப் பொதுத் தொட்டிக்கு அனுப்பியது. அடியில் தங்கிய மண்டியை உலர்த்தி, வாரக் கடைசியில் அந்தந்த வீட்டுக் கதவில் பொட்டலமாக மாட்டியது.

முதல் பொட்டலத்தை வேதகிரியின் மனைவி தனபாக்கியம் பிரித்தாள். உள்ளே கமகமவென்று கொள்ளு மாவு.

"ஏங்க, கஞ்சியக் குடிச்சிட்டேன் குடிச்சிட்டேன்னு தெனமும் சொன்னீங்களே, இது என்னவாம்?"

கொழுப்பு குறைய ஆளுக்கு ஒரு டம்ளர் கொள்ளுக்கஞ்சி குடிக்கச் சொல்லி இருவருக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். வேதகிரி தொழில் பழக்கத்தில் பொட்டலத்தை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். மெல்ல முகம் மலர்ந்தது.

"ஏம் பாக்கியம், ஒரு டம்ளருக்கு முப்பது கிராம் மாவுதான போடுற? வாரத்துக்கு எரநூத்திப் பத்து. இது நானூறுக்கு மேல இருக்குதே?"

தனபாக்கியம் பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"மிஷினே சரியில்லீங்க" என்றாள்.